1570 வாங்கியிருக்கிறான், எங்கே கிடைக்கும்?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் என் வாட்ஸாப்புக்கு ஒரு பக்கப் பிடிஎஃப்கள் வரத் தொடங்கிவிடும். பள்ளியில் கடைசி வருடத்துக்குப் போகிற யாரோ ஒரு பிள்ளையின் விவரம். ஜி.பி.ஏ. (பள்ளி மதிப்பெண்களின் சராசரி), வகுப்பு ரேங்க், எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வில் 1600க்கு 1570 போல ஒரு மதிப்பெண், எடுத்த ஏ.பி. (கல்லூரித் தரத்துப்) பாடங்கள், ரோபாட்டிக்ஸ், டிபேட், மருத்துவமனையில் தன்னார்வப் பணி, அரங்கேற்றம், கோடை விடுமுறையில் ஒரு பேராசிரியரிடம் ஆய்வு. எல்லாவற்றுக்கும் அடியில் அதே கேள்வி: “அக்கா, இவனுக்கு எங்கே கிடைக்கும்?”

என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. மிகக் குறைவானவர்களையே சேர்த்துக்கொள்ளும் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படித்தவள் நான். அதன் முன்னாள் மாணவி என்ற முறையில், டாலஸ் வட்டாரத்திலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளைப் பல வருடங்களாக நேர்காணல் செய்து எழுதி அனுப்புகிறேன். என் இரண்டு பிள்ளைகளும் இந்தச் சுழலைக் கடந்து வந்துவிட்டார்கள். தமிழ்ப் பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரே இடத்தில் முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பதில். இப்படி ஒரு விவரத்தோடு வரும் பிள்ளைக்கு ஒரு நல்ல கல்லூரி கிடைப்பது, பட்டியலைச் சரியாகப் போட்டால், கிட்டத்தட்ட உறுதி. ஆனால் ஒரு குறிப்பிட்ட கல்லூரியின் பெயரைச் சொல்லி “அங்கே கிடைக்குமா?” என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. என்னால் முடியாது. ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கும் தனியார் கவுன்சிலராலும் முடியாது. இரண்டுமே உண்மை. நம் வீடுகளில் இரண்டாவது மட்டும்தான் காதில் விழுகிறது. அதனால் தூக்கம் போகிறது, பட்டியலின் மேல்பகுதிக்கே எல்லா உழைப்பும் போகிறது. கீழ்ப்பகுதியைக் கடைசி வாரத்தில் அவசரமாக நிரப்புகிறார்கள். நான் மாற்ற நினைப்பது அந்த ஒன்றைத்தான்.

எண்களைப் பார்ப்போம். 2024 இலையுதிர் காலத்தில் ஹார்வர்டில் சேர 54,008 பேர் விண்ணப்பித்தார்கள். 1,937 பேருக்கு இடம் கிடைத்தது, அதாவது 4 சதவீதத்துக்கும் குறைவு. அதே வருடம் எம்.ஐ.டி.க்கு விண்ணப்பித்தவர்கள் 28,000க்கு மேல். இடம் கிடைத்தவர்கள் 1,300க்கும் குறைவு. இதைச் சொன்னால் பெற்றோர்கள் உடனே ஒன்று சொல்வார்கள்: “அது எல்லாரையும் சேர்த்த கணக்கு அக்கா. சும்மா போட்டுப் பார்ப்போம் என்று போடுகிறவர்கள்தானே பாதிப் பேர்? நம்ம பையன் மாதிரி இருப்பவர்களுக்கு சான்ஸ் அதிகமாகத்தானே இருக்கும்?”

நியாயமான கேள்வி. பதில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. ஆசிய மாணவர்களுக்கு அநீதி நடக்கிறது என்று ஹார்வர்டின் மேல் போட்ட வழக்கில், வெளியே வராத பல புள்ளிவிவரங்கள் வெளியே வந்தன. 2015இல் சேர்ந்த வகுப்புக்கு அமெரிக்காவுக்குள்ளிருந்து மட்டும் சுமார் 26,000 பேர் விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களில் 8,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஜி.பி.ஏ. முழுசு. எஸ்.ஏ.டி. கணக்கில் 800க்கு 800 வாங்கியவர்கள் சுமார் 3,400 பேர். ஆங்கிலப் பகுதியில் 800 வாங்கியவர்கள் சுமார் 2,700 பேர். அந்த வருடம் கொடுத்த இடங்களோ ஏறக்குறைய 2,000. கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஆயிரத்துக்கும் மேல் வெளியே நிற்பார்கள்.

அப்படியானால் 1570க்கு மதிப்பில்லையா? நிச்சயம் உண்டு. அது இல்லாமல் போனால் இந்தக் கல்லூரிகளில் கஷ்டம். கொரோனா காலத்தில் தேர்வு கட்டாயமில்லை என்று சொன்னவர்களில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள்: எம்.ஐ.டி. 2022இலும், டார்ட்மத், யேல், பிரௌன், ஹார்வர்ட் 2024இலும் அறிவித்தன. கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களோ மதிப்பெண்ணை அனுப்பினாலும் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. 1570 வாங்கிய பையன் 1600க்காக மூன்றாவது முறை எழுதப் போகிறான் என்று சொன்னால் நான் தடுக்கிறேன். அந்த முப்பது மதிப்பெண் அவனை அந்த ஆயிரக்கணக்கானோரிடமிருந்து பிரித்துக் காட்டாது. அந்த சனிக்கிழமைகளை அவனுக்கே திருப்பிக் கொடுங்கள்.

இடங்கள் எல்லாமே பொதுப்போட்டிக்கு இருக்கின்றன என்றும் நினைக்கக்கூடாது. அதே வழக்கில் தெரியவந்த இன்னொன்று: விளையாட்டுக்காக முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அங்கே படித்தவர்களின் பிள்ளைகள், பேராசிரியர்கள் மற்றும் ஊழியர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர் போன்றவர்களுக்காக டீன் வைத்திருக்கும் பட்டியலில் உள்ளவர்கள் ஆகிய நான்கு வகையினரும் விண்ணப்பித்தவர்களில் சுமார் 5 சதவீதம்தான். இடம் கிடைத்தவர்களிலோ சுமார் 30 சதவீதம். எல்லாக் கல்லூரியும் இப்படி இல்லை. எம்.ஐ.டி.யும் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் பெற்றோர் அங்கே படித்தார்களா என்று பார்ப்பதில்லை. ஆனால் பொதுவாக, வெளியே சொல்லப்படும் 4 சதவீதம் நம் பிள்ளைக்கு அதைவிடவும் குறைவாகவே இருக்கக்கூடும் என்பது கசப்பான உண்மை.

2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இன அடிப்படையைப் பார்க்கக்கூடாது என்று தீர்ப்பளித்தபோது எங்கள் வாட்ஸாப் குழுக்களில் பெரிய நம்பிக்கை. அடுத்த வருடம் எம்.ஐ.டி.யில் ஆசிய அமெரிக்க மாணவர்களின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 47க்கு ஏறியது. யேலில் 30லிருந்து 24க்கு இறங்கியது. இதை வைத்து ஒரு பிள்ளையின் வாய்ப்பைக் கணிக்கவே முடியாது. இனி இதைப் பற்றிப் பேசி ஒரு மாலையைக்கூட வீணாக்கவேண்டாம்.

அப்புறம் அந்த நேர்காணல். எங்களிடம் பிள்ளையின் மதிப்பெண் வராது. பெயர், பள்ளி, ஆர்வமுள்ள துறை, அவ்வளவுதான். ஒரு காபிக் கடையிலோ ஜூமிலோ முக்கால் மணி நேரம் பேசிவிட்டு ஒரு பக்கம் எழுதி அனுப்புவேன். அந்தப் பக்கத்தின் எடை சிறியது. பெற்றோர்கள் அதைப் பெரிதாக நினைத்துப் பிள்ளையை ஒத்திகை பார்க்கவைத்து அனுப்புகிறார்கள். நம் பிள்ளைகள் வைவா தேர்வுக்கு வந்தவர்கள்போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, விண்ணப்பத்தில் எழுதியதையே வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். “தலைமைப் பண்பு” என்று முதல் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். அதை ஏற்கெனவே சேர்க்கை அதிகாரிகள் படித்துவிட்டார்கள் அல்லது படிக்கப்போகிறார்கள். எனக்கு எழுதுவதற்கு ஒன்றும் கிடைக்காது. ஒத்திகை தீர்ந்த பிறகு, “சரி, போன வாரம் தூங்காமல் உட்கார்ந்து எதைச் செய்தாய்?” என்று கேட்பேன். பதில் உண்மையாக வந்தால் அந்த ஒரு பக்கம் தானாக நிரம்பிவிடும்.

நேர்காணலில் கேட்டதை வெளியே எழுதுவது முறையில்லை. அதனால் நான் நேர்காணல் செய்யாத, தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தியைப் பற்றி, அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். அவள் அப்பா இங்கே வார இறுதி கிரிக்கெட் லீகில் விளையாடுகிறார். ஏழாம் வகுப்பிலிருந்து அவளும் கூடவே போய், நிழலில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு ஸ்கோர் எழுதுவாள். முதலில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று நோட்டைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு வரும்போது லீகின் புள்ளிப்பட்டியலையே அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

ஒரு சீசனில் நெட் ரன் ரேட் அவளுக்கு இடித்தது. 20 ஓவர் ஆட்டத்தில் ஒரு அணி 14 ஓவரிலேயே 98 ரன்னுக்கு ஆல் அவுட் ஆகியிருந்தது. பட்டியல் போட்டவர் 98ஐ 14ஆல் வகுத்து ஓவருக்கு 7 என்று எழுதியிருந்தார். ஆல் அவுட் ஆனால் ஆடிய ஓவரை எடுக்கக்கூடாது, முழு 20 ஓவரையும் எடுக்கவேண்டும் என்பது விதி. அப்படிப் போட்டால் 4.9தான். இவள் அந்த சீசன் முழுவதற்கும் திரும்பக் கணக்குப் போட்டாள். அரையிறுதிக்குப் போகவேண்டிய அணியே மாறிவிட்டது. நாற்பது வயது ஆண்கள் சிலர் சத்தம் போட்டிருக்கிறார்கள். இந்தப் பெண் போனில் விதியைத் திறந்து காட்டி, ஒவ்வொரு ஆட்டமாக அவர்களுக்கு விளக்கியிருக்கிறாள். அடுத்த சீசனிலிருந்து கணக்கைத் தானே போடும் ஒரு ஷீட்டைச் செய்து, வேறு இரண்டு பிள்ளைகளுக்கு ஸ்கோர் எழுதவும் கற்றுக்கொடுத்தாள்.

பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பப் படிவத்தில் பத்து செயல்பாடுகள் எழுத இடம் உண்டு. அவள் காட்டிய பட்டியலில் இது இல்லை. ஒரே ஒரு கோடையில் போன மருத்துவமனைத் தன்னார்வப் பணி மூன்றாவது இடத்தில் இருந்தது. “அது விளையாட்டுதானே அக்கா, அதையெல்லாம் போடுவார்களா?” என்றாள் அவள் அம்மா. சனிக்கிழமை சனிக்கிழமையாக ஐந்து வருடம் செய்த ஒன்றை, பெரியவர்கள் எதிர்த்துப் பேசியபோதும் விட்டுக்கொடுக்காத ஒன்றை, புள்ளியியல் படிக்க ஆசைப்படும் பெண் எழுதாமல் வேறு எதை எழுதுவாள்? ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் விவரிக்க 150 எழுத்துகள்தான் இடம். அதற்குள் அதை அடக்க அவளும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலைச் செலவழித்தோம். “நடத்தினேன்”, “வழிநடத்தினேன்” எல்லாம் போய், கடைசியில் தவறான கணக்கைக் கண்டுபிடித்தது, ஒரு சீசனைத் திரும்பப் போட்டது, இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்தது ஆகிய மூன்றும் நின்றன.

அவளுக்குப் பெரிய பெயர்களில் மூன்று இடத்தில் கிடைக்கவில்லை. புள்ளியியல் வலுவாக உள்ள, அவளுக்குப் பிடித்த ஒரு பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு கிடைத்தது. கிரிக்கெட்டால்தான் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரமில்லை. விண்ணப்பத்தில் இருந்த பெண் நிஜத்தில் இருக்கும் பெண்ணாக இருந்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இனி பட்டியல். நான் பார்த்த வரையில் அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஒரு அப்பா எக்செல் ஷீட்டோடு வந்தார். இருபது கல்லூரிகள், பதினாறு மிகக் கடினமானவை. “ஒன்றில் 5 சதவீதம் என்றால் பத்தில் 50 சதவீதம், பதினாறில் 80 சதவீதம் வந்துவிடுமே” என்றார். கூட்டுவது தப்பு. ஒவ்வொன்றிலும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 95 சதவீதம். பத்திலும் கிடைக்காமல் போக 0.95ஐப் பத்து முறை பெருக்கவேண்டும். ஏறத்தாழ 60 சதவீதம் வரும். அதாவது ஒன்றிலாவது கிடைக்க 40 சதவீதம்தான். அந்த 40கூட, ஒரு கல்லூரியின் முடிவுக்கும் இன்னொன்றின் முடிவுக்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொண்டால்தான். நிஜத்தில் சம்பந்தம் நிறைய. அதே 650 சொல் கட்டுரை, அதே ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், அதே மதிப்பெண் பட்டியல்தான் எல்லா இடத்துக்கும் போகிறது. கட்டுரை ஒரு இடத்தில் எடுபடாவிட்டால் மற்ற இடங்களிலும் எடுபடாமல் போக வாய்ப்பு அதிகம். இன்னும் ஆறு சேர்த்தால் கூடுவது, பெரும்பாலும் துணைக் கட்டுரைகளின் எண்ணிக்கைதான். பன்னிரண்டாவது “ஏன் எங்கள் கல்லூரி?” கட்டுரையை எழுதும்போது பிள்ளைக்கு அந்தக் கல்லூரி மேல் ஒரு ஆர்வமும் மிஞ்சியிருக்காது. படிப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

அதனால் கீழிருந்து தொடங்கச் சொல்கிறேன். முதலில் இரண்டு கல்லூரிகள்: இடம் கிட்டத்தட்ட உறுதியாக இருக்கவேண்டும், செலவு கையில் அடங்கவேண்டும், முக்கியமாகப் பிள்ளைக்கு அங்கே போகப் பிடிக்கவேண்டும். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். முதல் வருடம் என்ன பாடம் எடுப்பாய், எந்தப் பேராசிரியரின் வேலை உனக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் அது பட்டியலில் பெயருக்குத்தான் இருக்கிறது. ஏப்ரலில் அது ஒன்றுதான் கையில் மிஞ்சினால் வீடே துக்க வீடு ஆகிவிடும். அப்படி ஆன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

டெக்சஸில் இருக்கும் நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1997இல் வந்த மாநிலச் சட்டப்படி, பள்ளியில் மேல் ரேங்கில் இருப்பவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் தானாகக் கிடைக்கும். மற்ற இடங்களில் முதல் 10 சதவீதம். ஆஸ்டினில் உள்ள யூ.டி.க்கு (டெக்சஸ் பல்கலைக்கழகம்) மட்டும் அது சுருங்கிக்கொண்டே வந்து, 2026 இலையுதிர் காலத்தில் சேர்பவர்களுக்கு முதல் 5 சதவீதம் ஆகிவிட்டது. வகுப்பில் 600 பேர் என்றால் முதல் 30 பேர். பிளேனோ, ஃப்ரிஸ்கோ பக்கத்துப் பள்ளிகளில் 31ஆவது ரேங்கில் இருப்பவனும் எந்த நாட்டுக்கும் பெருமை சேர்க்கும் பிள்ளைதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சட்டம் தருவது பல்கலைக்கழகத்தில் இடம். கேட்ட துறையில் இடம் என்று அதில் இல்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ், எஞ்சினியரிங், பிசினஸ் எல்லாம் தனிப் போட்டி. முதல் 5 சதவீதத்தில் இருந்தும் கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைக்காத பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் என்னைக் கூப்பிடுகிறார்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் எஞ்சினியரிங் சேர்பவர்கள் முதல் வருடம் பொதுவாகப் படித்து, அதன் மதிப்பெண்ணை வைத்துத்தான் எந்தப் பிரிவு என்பது முடிவாகும். வெளி மாநிலங்களிலும் இதே கதைதான். இலினாய் அர்பானா, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில், பல்கலைக்கழகத்தின் சேர்க்கை விகிதத்தைப் பார்த்து “இது நமக்கு சேஃப்டி” என்று எழுதிக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் என்று டிக் செய்தவுடன் அதே இடம் மிகக் கடினமான வரிசைக்குப் போய்விடுகிறது. எப்போதும் துறையின் விகிதத்தைத் தேடுங்கள்.

நம் வாசலிலேயே இருக்கும் யூ.டி. டாலஸைச் சொன்னால் பலர் முகம் சுருங்குகிறது. அங்கே மெக்டெர்மட் ஸ்காலர்ஸ் என்று ஒரு திட்டம் உண்டு. கல்விக்கட்டணம், தங்குமிடம், கைச்செலவு, வெளிநாட்டுப் படிப்பு வரை பார்த்துக்கொள்கிறார்கள். நேஷனல் மெரிட் (நாடளவிலான திறன் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் எடுத்த) பிள்ளைகளுக்கும் பெரிய உதவித்தொகை தருகிறார்கள். முகத்தைச் சுருக்குவதற்கு முன் அதற்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதியையாவது பாருங்கள்.

கீழே இரண்டு முடிந்த பிறகு, நடுவில் நான்கைந்து, மேலே பிள்ளையால் உண்மையாக எழுத முடிகிற அளவு. இவற்றைத் தேர்ந்தெடுக்க யாரிடமும் பணம் கொடுக்கவேண்டாம். காமன் டேட்டா செட் என்று ஒவ்வொரு கல்லூரியின் பெயரோடும் சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் அதை வெளியிடுகின்றன. அதில் சி1 பகுதியில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று இருக்கும். சி7 இன்னும் சுவாரசியம்: ரேங்க், கட்டுரை, பரிந்துரை, நேர்காணல், பெற்றோர் அங்கே படித்தது, கல்லூரிமேல் காட்டிய ஆர்வம் என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியம் என்று கல்லூரியே குறித்திருக்கும். ஒரு மாலை பிள்ளையோடு உட்கார்ந்து எட்டு கல்லூரிகளின் சி7ஐப் படியுங்கள். நான் மணிக்கணக்கில் பேசுவதைவிட அது அதிகம் சொல்லும்.

எர்லி டிசிஷன் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. நவம்பர் 1 வாக்கில் ஒரே ஒரு கல்லூரிக்கு, கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்று கையெழுத்துப் போட்டு விண்ணப்பிப்பது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் போன்றவை வகுப்பில் ஏறத்தாழ பாதியை இப்படித்தான் நிரப்புகின்றன. விகிதம் அதிகமாகத் தெரிவது உண்மை. ஆனால் விளையாட்டுக்காக எடுக்கப்படுபவர்களும் அந்தச் சுற்றில்தான் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் நான்கிலும் முன்கூட்டியே போடலாம், சேரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அதே சமயம் வேறு தனியார் கல்லூரிகளுக்கு முன்கூட்டியே போடக் கட்டுப்பாடு உண்டு.

கையெழுத்துப் போடும் முன் பணத்தைப் பேசுங்கள், பிள்ளையை வைத்துக்கொண்டே பேசுங்கள். இந்தக் கல்லூரிகளில் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 டாலர் அளவுக்கு வருகிறது. ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும். சம்பளம், சேமிப்பு விவரம் போட்டால் உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு ஆகும் என்று ஓரளவு சரியாகச் சொல்லும். 2025 இலையுதிர் காலத்திலிருந்து, வழக்கமான சொத்து நிலையில் இருந்து ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் டாலருக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு எம்.ஐ.டி.யிலும் ஹார்வர்டிலும் கல்விக்கட்டணம் கிடையாது. கணவன் மனைவி இருவரும் ஐ.டி.யில் இருக்கும் நம் வீடுகளில் பல அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும். அப்போது பெரும்பகுதி நம் தலையில் விழக்கூடும். கிடைத்த பிறகு “முடியாது” என்று சொல்வதைவிட அக்டோபரில் சொல்வது பிள்ளைக்குச் செய்யும் மரியாதை.

தமிழ்நாட்டிலிருந்து எழுதிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குப் போட்டி இதைவிடக் கடினம், எம்.ஐ.டி.யின் இளநிலைப் படிப்பில் வெளிநாட்டு மாணவர்கள் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பண உதவி கேட்டால் பல கல்லூரிகளில் அது சேர்க்கை முடிவையே பாதிக்கும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன் போன்ற சில இடங்களில் மட்டும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் அந்தப் பாகுபாடு கிடையாது. ஐ.ஐ.டி.க்கோ அண்ணா பல்கலைக்கழகத்துக்கோ தயாராகும் வேலையை நிறுத்திவிட்டு இதற்கு இறங்கவேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பெரிய பெயர் கிடைக்காவிட்டால் வாழ்க்கை பின்தங்கிவிடுமா என்று அம்மாக்கள் தாழ்ந்த குரலில் கேட்பார்கள். பொருளாதார நிபுணர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, இடமும் கிடைத்து, ஒருவர் பெரிய பெயருக்கும் இன்னொருவர் சாதாரண பெயருக்கும் போனால், பின்னாளில் இருவரின் சம்பளமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரியால் நல்ல பலன் தெரிந்தது. 2023இல் ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் சொன்னதையும் மறைக்கக்கூடாது: சராசரிச் சம்பளம் பெரிதாக மாறவில்லை, ஆனால் வருமானத்தில் உச்சியில் உள்ள 1 சதவீதத்தை எட்டும் வாய்ப்பு இந்தக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குக் கணிசமாகக் கூடுகிறது. நல்ல வேலை, நிம்மதியான வாழ்க்கை என்பது உங்கள் கவலை என்றால், 1570 வாங்கிய பிள்ளையை எந்த நல்ல கல்லூரியில் விட்டாலும் அது நடக்கும். இதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

கடைசியாக, முடிவு வரும் நாட்கள். டிசம்பர் நடுவில் முன்கூட்டிப் போட்டவர்களுக்கு, மார்ச் கடைசியில் மற்றவர்களுக்கு. பெரும்பாலும் மாலை நேரத்தில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பிள்ளை தனியாகத் திறக்க விரும்பினால் விடுங்கள், பின்னால் நின்று போனில் படம் எடுக்கவேண்டாம், சொந்தக்காரர்களுக்கு முன்பே தேதியைச் சொல்லி வைக்கவேண்டாம். டிசம்பரில் “டெஃபர்” என்று வந்தால், அடுத்த சுற்றில் திரும்பப் பார்க்கிறார்கள் என்று பொருள். ஜனவரியில் அரையாண்டு மதிப்பெண்ணோடு, நவம்பருக்குப் பிறகு புதிதாக நடந்ததைச் சொல்லி ஒரு பக்கத்துக்குள் கடிதம் எழுதலாம். புதிதாக ஒன்றும் இல்லையென்றால் நான்கு வரி போதும். மார்ச்சில் “வெயிட்லிஸ்ட்” வந்தால், விருப்பமிருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் மே 1க்குள் கையில் உள்ள கல்லூரிகளில் ஒன்றுக்கு டெபாசிட் கட்டி, ஹாஸ்டல் படிவம் நிரப்பி, அதன் புதிய மாணவர் குழுவிலும் பிள்ளையைச் சேர்ந்துவிடச் சொல்லுங்கள். வெயிட்லிஸ்ட் நகர்ந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். போவது டெபாசிட் மட்டும்தான்.